கப்பலேறாத ஹார்ன்பைப்

டார்சியும் எலிசபெத்தும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடும் காட்சியை 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1995-ல் பிபிசி எடுத்த தொடரில் ஒருமுறை, 2005-ல் வந்த திரைப்படத்தில் ஒருமுறை. இரண்டிலும் நெதர்ஃபீல்ட் விருந்து, இரண்டிலும் வாயைவிடக் கண்கள்தான் அதிகம் சண்டை போடுகின்றன. எனக்கு அந்தக் காட்சிகளில் சிக்கியது வேறொன்று. தொடரில் அவர்கள் ஆடுவது 'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மாகட்' என்ற மெட்டுக்கு. அது 1695-ல் லண்டனில் அச்சான ஒரு நடனப் புத்தகத்தில் இருக்கிறது. (மாகட் என்றால் புழுதானே என்று பதற வேண்டாம். அந்தக் காலத்தில் மனசுக்குள் திடீரென்று நெளியும் கிறுக்கு ஆசைக்கும் அதே சொல்தான்.) படத்தில் ஒலிப்பது, ஹென்றி பர்செல் 'அப்டலேசர்' நாடகத்துக்கு எழுதிய இசையை எடுத்து டேரியோ மரியனெல்லி விரித்தது. பர்செல் அதை எழுதியதும் 1695-ல்தான். அந்த வருஷக் கடைசியில் அவர் இறந்தும் போனார்.

நாவல் வெளிவந்தது 1813-ல். ஆஸ்டின் காலத்து இளைஞர்களுக்கு இந்த மெட்டுகள் கொள்ளுத்தாத்தா சமாசாரம். நம்ம ஊர்க் கல்யாண வரவேற்பில் மணமக்கள் கிராமபோன் காலத்துப் பாட்டுக்கு ஆடுவது மாதிரி. வரலாற்றுப்படி தவறு. ஆனால் பத்து வருஷ இடைவெளியில் இரண்டு குழுக்கள் அதே தவறுக்கு ஆசைப்பட்டிருக்கின்றன. காரணம் தாளத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு மெட்டுக்கும் ஒரே நடை. மேற்கத்திய எழுத்தில் 3/2 என்று போடுவார்கள். பழைய ஆங்கில ஹார்ன்பைப்பின் நடை அது.

ஹார்ன்பைப் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது அனேகமாக பாப்பாய் கார்ட்டூன்தான். படம் தொடங்கும்போது டுடுடுடு என்று ஓடிவருமே, மாலுமி மெட்டு. அதுவும் ஹார்ன்பைப்தான். ஆனால் அதை நான்கு நான்காக எண்ணலாம், ஒரு சிக்கலும் இல்லை. டார்சி ஆடியதை அப்படி எண்ணினால் இரண்டாவது வரியிலேயே கால் தடுக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது, பழையது எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நடையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை. மெட்டு ஒரு சுற்றில் 'தக தக தக' என்று மூன்று இரண்டுகளாகப் போகும். அடுத்த சுற்றில், அல்லது அதே சுற்றின் நடுவிலேயே, 'தகிட தகிட' என்று இரண்டு மூன்றுகளாக மாறிக்கொள்ளும். எண்ணிக்கை மாறாது, அழுத்தம் மட்டும் இடம் நகரும். நீளமான ஒரு ஸ்வரம் தட்டு விழ வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் உட்கார்ந்திருக்கும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியச் சிரமமே இருக்காது. சொல்லப்போனால், மேற்கத்தியச் செவ்வியல் இசையில் வளர்ந்தவர்களைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். தொடையில் ஆறு தட்டிக்கொண்டே கேட்டால் போதும். கை ஒன்று சொல்லும், வயலின் வேறொன்று சொல்லும், சுற்று முடியும் இடத்தில் சமாதானம் ஆகிவிடும்.

பெயர் ஒரு வாத்தியத்தினுடையது. எலும்பிலோ மரத்திலோ துளை போட்ட குழல், முனையில் மாட்டுக்கொம்பு, ஊதும் இடத்தில் மகுடிக்குள் இருப்பதைப் போன்ற ஒற்றை நாக்குச் சீவாளி. வேல்ஸில் இதன் உறவுக்காரக் கருவிக்கு பிப்கார்ன் என்று பெயர், இன்றைக்கும் அதைச் செய்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கருவியின் பெயர் அதற்கு ஆடும் ஆட்டத்துக்கும், பிறகு ஆட்டத்தின் மெட்டுக்கும் போனது. கரகம் என்றால் பானையா ஆட்டமா என்று நாம் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூ ஆஸ்டன் என்பவர் விசைப்பலகைக்கு எழுதிய 'ஹார்ன்பைப்' ஒன்று கையெழுத்துப் படியாக மிஞ்சியிருக்கிறது. கீழே இரண்டே ஸ்வரங்களில் ஆதாரம் மாறி மாறி ஊசலாடிக்கொண்டிருக்க, மேலே கற்பனை விரிந்துகொண்டே போகும். ஊதுகுழலின் விடாத சுருதி பெட்டிக்குள் புகுந்த கதை அது.

ஃபிடில் வந்த பிறகுதான் இந்த மெட்டுகள் எண்ணிக்கையில் பெருகின. 1651-ல் ஜான் பிளேஃபோர்ட் 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மன்னரின் தலையை வெட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, தூய்மைவாதிகள் ஆட்சி. அந்த நேரத்தில் நடனப் புத்தகம் போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். விற்றது. பல பத்தாண்டுகளுக்குத் திருத்தியும் கூட்டியும் மறுபதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1690-களின் பதிப்புகளில் 3/2 மெட்டுகள் கூட்டமாக வந்து நிற்கின்றன. பெவரிட்ஜ் அப்படி வந்தவர். பர்செலின் அதே அப்டலேசர் இசையிலிருந்து இன்னொரு ஹார்ன்பைப் 1698-ல் 'ஹோல் இன் தி வால்' என்ற பெயரில் அந்தப் புத்தகத்துக்குள் நுழைந்தது. நாடகக் கொட்டகையில் கேட்டதை மூன்று வருஷத்துக்குள் ஊர்க்காரர்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

பர்செல் இதை எங்கிருந்து எடுத்தார்? வடக்கிலிருந்து என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த நடைக்கு லங்காஷயர், செஷயர், டார்பிஷயர், நார்தம்பர்லாந்து பகுதிகள் பேர் போனவை. 1705-ல் தாமஸ் மார்ஸ்டன் என்பவர் லங்காஷயர் ஹார்ன்பைப்புகளை மட்டுமே திரட்டி ஒரு தனிப் புத்தகம் போட்டார். கொஞ்ச காலம் கழித்து டேனியல் ரைட்டும் ஜான் வால்ஷும் இதே சரக்கை அச்சிட்டு விற்றார்கள். அவற்றில் 'பேக்பைப் ஹார்ன்பைப்' என்றே சில மெட்டுகள் இருக்கின்றன. நான்கு நான்கு சுற்றுகளாகச் சின்னச் சின்ன அடிகள், ஒவ்வொரு அடியும் முந்தையதைக் கொஞ்சம் திருகிச் சொல்லும். நம் ஸ்வரப் பின்னல் மாதிரி, ராகத்துக்குப் பதில் தாளத்தை வைத்துப் பின்னுவது. ஊர்த் திருவிழாவில் விடியும்வரை ஆடும் கூட்டத்துக்கு ஒரே மெட்டை அலுக்காமல் அரைமணி நேரம் ஓட்ட வேண்டுமானால் வேறு வழி?

இதை வாசித்தவர்கள் யார் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி ஜான் ஹாக்கின்ஸ். 1776-ல் அவர் எழுதிய பெரிய இசை வரலாற்றில், ஜான் ரேவன்ஸ்க்ராஃப்ட் என்ற வயலின்காரரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் 'வெயிட்ஸ்' குழுவில் இருந்தவர் அவர். வெயிட்ஸ் என்றால் ஊர்ச் செலவில் வைத்திருந்த வாத்தியக்காரர்கள், கோயில் மேளம் போல நகரத்துக்கு ஒரு மேளம். ஹார்ன்பைப் வாசிப்பதில் ரேவன்ஸ்க்ராஃப்ட்டுக்கு நிகரில்லை, நடன விருந்துகளுக்கு அவரைத்தான் தேடி அழைப்பார்கள் என்று ஹாக்கின்ஸ் எழுதுகிறார். கனவான்களின் இசையைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கம் எழுதிய மனிதர், ஒரு தெருவாத்தியக்காரருக்காக நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காலத்தில் இந்த நடைக்கு எந்த வாசலும் மூடியிருக்கவில்லை. 1717 ஜூலை 17-ஆம் தேதி மன்னர் முதலாம் ஜார்ஜ் தேம்ஸ் நதியில் படகில் போனபோது, பக்கத்துப் படகில் ஹேண்டலின் குழு வாசித்த 'வாட்டர் மியூசிக்'கிலும் ஒரு ஹார்ன்பைப் உண்டு. அதுவும் 3/2. ஜெர்மனியிலிருந்து வந்த இசையமைப்பாளர், ஜெர்மனியிலிருந்து வந்த ராஜா, நடுவில் லங்காஷயர்க்காரனின் தாளம்.

ஆனால் அச்சுப் புத்தகங்களை வைத்து மட்டும் இந்த வரலாற்றை எழுத முடியாது. உண்மையான களஞ்சியம் கையெழுத்து நோட்டுகள். கிராமத்து ஃபிடில்காரர் ஒவ்வொருவரிடமும், எழுதத் தெரிந்திருந்தால், ஒன்று இருக்கும். அகலவாட்டில் தைத்த சின்ன நோட்டு, கோட் பையில் அடங்குவது. நார்தம்பர்லாந்தில் ஹென்றி அட்கின்சன் 1694-95 வாக்கில் எழுதியது ஒன்று. நியூகாசில் பக்கம் வில்லியம் விக்கர்ஸ் 1770-ல் தொடங்கியது இன்னொன்று, 500-க்கும் மேற்பட்ட மெட்டுகள் கொண்டது. யார்க்‌ஷயரில் ஹாரகேட் அருகே மாவு ஆலை நடத்திய ஜோஷுவா ஜாக்சன் 1798-ல் எழுதியது மற்றொன்று. இவர்கள் யாரும் மரபைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எழுதியவர்கள் இல்லை. அடுத்த சனிக்கிழமை கல்யாணத்தில் வாசிக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த நோட்டுகளைப் பற்றி தாமஸ் ஹார்டி சொன்ன ஒரு தகவல் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் வீட்டில் தாத்தா, அப்பா எல்லோருமே ஃபிடில்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மாடத்தில் அமர்ந்து சங்கீதங்களுக்கு வாசிப்பவர்களும், சனிக்கிழமை ராத்திரி களத்துமேட்டில் ஆட்டத்துக்கு வாசிப்பவர்களும் ஒரே ஆட்கள்தான். நோட்டும் ஒன்றே. முன்பக்கத்திலிருந்து பக்திப் பாடல்களை எழுதிக்கொண்டு வருவார்கள். நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஜிக்கும் ரீலும் ஹார்ன்பைப்பும். இரண்டும் வளர்ந்து வளர்ந்து நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவலுக்குப் பிற்பாடு எழுதிய முன்னுரையில் இதைச் சொல்கிறார். அந்த நாவலே, தேவாலயத்துக்குள் ஆர்கன் வந்து இந்த வாத்தியக்காரர்களை வெளியே அனுப்பிய கதைதான்.

சரி, ஆறு எண்ணிக்கை எப்படிச் செத்தது?

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாடகக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. அங்கத்துக்கும் அங்கத்துக்கும் இடையில் ஒருவர் தனியாக மேடையேறி ஹார்ன்பைப் ஆடுவார். 1759-ல் கோவன்ட் கார்டனில் 'பெகர்ஸ் ஆப்பெரா'வுக்குள் நான்சி டாசன் என்ற பெண் ஆடிய ஹார்ன்பைப் லண்டனையே பைத்தியமாக்கியது. அவர் பெயராலேயே ஒரு மெட்டு இன்றும் வழங்குகிறது, மல்பெரிப் புதரைச் சுற்றி ஆடும் குழந்தைப் பாட்டின் மெட்டு அது. மேடையில் தனி ஆள் ஆடும்போது தேவைகள் வேறு. கால் வேலை தெளிவாகக் கேட்க வேண்டும், அடி முடியும் இடத்தில் டம் டம் டம் என்று மூன்று முத்தாய்ப்பு விழ வேண்டும், கூட்டம் எங்கே கைதட்டுவது என்று குழம்பக் கூடாது. நான்கு எண்ணிக்கைதான் அதற்குச் சௌகரியம். 1760-களுக்குப் பிறகு வந்த புத்தகங்களில் ஹார்ன்பைப் என்றாலே நான்குதான் என்றாகிவிட்டது. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, கடைக்குள் சரக்கு மாறிவிட்டது.

மாலுமி வேஷமும் மேடையில் ஒட்டியதுதான். கப்பலில் மாலுமிகள் ஆடவில்லை என்று சொல்லவில்லை, ஆடியிருக்கிறார்கள். ஆனால் ஹார்ன்பைப் என்றால் நீலச் சட்டை, கயிறு இழுக்கும் பாவனை, கைகளைக் கட்டிக்கொண்டு குதிப்பது என்ற அந்த முழுச் சித்திரத்தையும் ஊரெங்கும் பரப்பியது நாடகம். 1829-ல் 'பிளாக் ஐட் சூசன்' நாடகத்தில் மாலுமியாக நடித்த டி. பி. குக் ஆடிய ஹார்ன்பைப் அந்தச் சித்திரத்தை இன்னும் இறுக்கமாக ஒட்டியது. குக் நிஜமாகவே கடற்படையில் இருந்தவர் என்பது விளம்பரத்துக்கு வசதி. 'காலேஜ் ஹார்ன்பைப்' என்று வழங்கிய மெட்டு 'செய்லர்ஸ் ஹார்ன்பைப்' ஆனது. 1905-ல் டிரஃபால்கர் போரின் நூற்றாண்டுக்கு ஹென்றி உட் அதைத் தன் கடல் பாட்டுத் தொகுப்பில் சேர்த்தார். லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவின் கடைசி ராத்திரியில், வேகம் கூடக் கூட ரசிகர்கள் அதற்குக் காலால் தட்டுகிறார்கள். நல்ல மெட்டுதான். ஆனாலும் உழவர்களின், ஆலைக்காரர்களின், ஆடு மேய்ப்பவர்களின் ஆட்டம் ஒன்று தேசப் பெருமைக்காகச் சீருடை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

இந்த மாற்றத்தின் நடுவில் ஒரு கவிஞர் நிற்கிறார். ஜான் கிளேர். 1793-ல் நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்த கூலித் தொழிலாளி. 1820-ல் முதல் கவிதைத் தொகுதி வந்தபோது லண்டன் அவரைக் குடியானவக் கவிஞர் என்று கொஞ்ச நாள் கொண்டாடிவிட்டுப் பிறகு மறந்தது. அவர் ஃபிடில்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்கிய ஜிப்சிகளிடம் காதால் கேட்டு வாசிக்கக் கற்றார். நாட்டார் மெட்டுகளை இரண்டு நோட்டுகளில் எழுதிவைத்தார், அதில் ஒன்றில் 1818 என்று வருஷம் போட்டிருக்கிறது.

அந்த வருஷங்களில் ஹெல்ப்ஸ்டனில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1809-ல் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தின்படி ஊர்ப் பொதுநிலத்தை அளந்து, வேலி போட்டு, தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாடு மேய்ந்த இடம், விறகு பொறுக்கிய இடம், ஜிப்சிகள் தங்கிய இடம், எல்லாவற்றுக்கும் உடைமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். கிளேரின் கவிதைகளில் இந்த வேலி திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய மெட்டு நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஹார்ன்பைப்புக்கு உடைமைக்காரர் கிடையாது. ஒருத்தர் வாசித்ததை இன்னொருத்தர் கேட்டு, கொஞ்சம் மாற்றி, வேறு பெயர் வைத்து வாசிப்பார். ஒரே மெட்டுக்கு நாலு ஊரில் நாலு பெயர். வேலி போட முடியாத பொதுநிலம் ஒன்று கிளேரின் கைக்குள் இருந்தது. வாழ்க்கையின் கடைசி இருபத்துச் சொச்சம் வருஷத்தை அவர் நார்தாம்ப்டன் மனநலக் காப்பகத்தில் கழித்து, 1864-ல் இறந்தார். நோட்டுகள் பிழைத்துக்கொண்டன. 1983-ல் ஜார்ஜ் டீக்கன் அந்த மெட்டுகளையும் பாடல்களையும் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார்.

கிளேர் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்த மாதிரி மெட்டுகள் சென்னைக்கும் வந்தன. கோட்டையில் இருந்த பட்டாளத்து பேண்டும் ஃபிடில்காரர்களும் வாசித்ததைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் நொட்டு ஸ்வரங்கள் இயற்றினார். 'வந்தே மீனாக்ஷி'க்கு அடியில் ஓடுவது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து ஆட்ட மெட்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் ஃபிடில் கற்று, அதைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். வந்து சேர்ந்த சரக்கு பெரும்பாலும் நேரான சதுரஸ்ரமும் திஸ்ரமும்தான். ஆறு எண்ணிக்கைக்குள் இரண்டும் மூன்றும் மல்லுக்கட்டும் அந்தப் பழைய ஹார்ன்பைப்புக்கு அதற்குள் இங்கிலாந்திலேயே மவுசு போய்விட்டிருந்தது. அது மட்டும் ஒரு ஐம்பது வருஷம் முன்னால் மயிலாப்பூர் பக்கம் காதில் விழுந்திருந்தால் நம்ம லய வித்வான்கள் சும்மா விட்டிருப்பார்களா?

நான்கு எண்ணிக்கை ஹார்ன்பைப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் வடக்கே அது அற்புதமாக வளர்ந்தது. நியூகாசில், கேட்ஸ்ஹெட் பக்கத்துச் சாராயக்கடைகளில் வாசித்த ஜேம்ஸ் ஹில் எழுதிய மெட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். டைன் நதிமேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டிய இரட்டைத் தட்டுப் பாலம் 1849-ல் திறந்தது, மேலே ரயில், கீழே வண்டிப் பாதை. ஹில் அதற்கு 'ஹை லெவல் ஹார்ன்பைப்' எழுதினார். ஊர்க்காரர்கள் உயிரை விட்ட பந்தயக்குதிரை 'பீஸ்விங்'குக்கு ஒன்று. இரண்டுமே வயலினில் விரல் சுளுக்கும் சுருதிகளில் ஓடுபவை. லங்காஷயரில் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் மரக்கட்டை அடி போட்ட செருப்போடு கல்தரையில் இந்த மெட்டுகளுக்குத் தட்டினார்கள். அந்தத் தட்டு தறியின் சத்தத்திலிருந்து வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. 1880-ல் லீட்ஸில் மரச்செருப்பு ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்ற டான் லெனோ பிறகு இங்கிலாந்தின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகர் ஆனார். ஒன்பது பத்து வயதில் 'எய்ட் லங்காஷயர் லாட்ஸ்' என்ற மரச்செருப்புக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடிய ஒரு லண்டன் பையன்தான் சார்லி சாப்ளின். சாப்ளின் மூலையில் வழுக்கித் திரும்பும்போது அந்தக் கால்களை கவனித்துப் பாருங்கள்.

ஆறு எண்ணிக்கை முழுசாகச் சாகவில்லை. நார்தம்பர்லாந்தின் சிறு பைப் வாசிப்பவர்களிடம் 'டஸ்டி மில்லர்' மாதிரிச் சில மெட்டுகள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. மற்றவை நோட்டுகளிலும் பழைய அச்சுப் புத்தகங்களிலும் தூங்கின. 1985-ல் ஜான் ஆஃபர்ட் என்ற இசைக்கலைஞர் நூலகங்களில் தேடி இந்த மெட்டுகளைத் திரட்டி 'ஜான் ஆஃப் தி கிரீன், தி செஷயர் வே' என்ற தொகுப்பை வெளியிட்டார். இன்று இங்கிலாந்தில் ஃபிடில் எடுக்கும் இளைஞர்கள் 3/2 ஹார்ன்பைப் வாசிக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. நோட்டில் ஸ்வரம் இருக்கிறது, வில் எந்தப் பக்கம் இழுபட்டது என்பது இல்லை. மார்ஸ்டனும் விக்கர்ஸும் எல்லா ஸ்வரங்களையும் ஒரே நீளத்துக்கு எழுதியிருந்தாலும், வாசித்தவர் அப்படியே சமமாக வாசித்தாரா, கொஞ்சம் நொண்டியடித்தாரா? ஆடியவரின் குதிகால் மூன்றாவது எண்ணில் விழுந்ததா, நான்காவதிலா? வாசிப்பவர்களுக்குள் இன்றைக்கும் இதில் சண்டை. ஒரே மெட்டை இரண்டு குழுக்கள் வாசித்த பதிவுகளை நான் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒரு குழு பர்செல் மாதிரி, அரண்மனைக் கம்பளத்தில் நடப்பதுபோல் வழவழவென்று போகிறது. இன்னொன்று ஒவ்வொரு 'தகிட'வின் தலையிலும் வில்லால் ஒரு குத்து குத்தி, தூசி கிளப்பிக்கொண்டு போகிறது. ரேவன்ஸ்க்ராஃப்ட் எந்தக் கட்சி என்று யாரிடமும் கேட்க முடியாது. நான் தூசி கட்சி.